அமெரிக்க விவசாய மானியம் ஒரு கிராமப்புறக் கவுண்டிக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது?

கன்சாஸ் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி, சம்னர் என்றொரு கவுண்டி இருக்கிறது. மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவைத்தான் அங்கே கவுண்டி என்கிறார்கள். சம்னரின் தலைமை ஊர் வெலிங்டன், மொத்த மக்கள்தொகை சுமார் 22,000, அதாவது நம்மூரில் ஒரு பேரூராட்சியில் இருக்கும் ஆட்கள். 'உலகத்தின் கோதுமைத் தலைநகரம்' என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டவர்கள். செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள், பனிக்காலம் முழுக்கப் பயிர் மண்ணிலேயே கிடக்கும், ஜூனில் அறுப்பார்கள்.

இந்த மாதிரிக் கவுண்டிகளுக்கு வாஷிங்டனிலிருந்து ஆண்டுதோறும் பணம் வருகிறது. அமெரிக்காவில் விவசாயிகளுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள் என்று ஒரு பக்கம் பேச்சு, அங்கேயும் விவசாயி கடனில்தான் இருக்கிறான் என்று இன்னொரு பக்கம் பேச்சு. இரண்டும் ஓரளவு உண்மைதான், ஆனால் பணம் எந்த வழியாக, யார் பெயருக்கு, எதற்காக வருகிறது என்று தெரியாமல் இதைப் பேசிப் பயனில்லை. முதலில் மனதில் ஏற்ற வேண்டியது ஒன்றுதான்: வழக்கமான பயிர் மானியத்தில் பெரும்பகுதி நீங்கள் இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள், எவ்வளவு விளைந்தது என்பதற்காக வருவதில்லை. அந்த நிலத்தின் பெயரில் எழுதிவைத்திருக்கும் ஒரு பழைய கணக்குக்காக வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

பணம் எல்லாவற்றுக்கும் மூலம் ஃபார்ம் பில் என்கிற பெரிய சட்டம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. பெயரில் விவசாயம் இருந்தாலும் அதன் செலவில் முக்கால் பங்குக்கு மேல் ஏழைகளின் உணவு உதவிக்குப் போகிறது. நாடாளுமன்றத்தில் நகரத்து உறுப்பினர்களின் ஓட்டும் கிராமத்து உறுப்பினர்களின் ஓட்டும் சேர்ந்தால்தான் சட்டம் நிறைவேறும் என்பதால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறார்கள். கடைசியாக முழுதாக வந்த ஃபார்ம் பில் 2018-இல். அது 2023-இல் காலாவதியாகி, நீட்டிப்பிலேயே ஓடி, அப்புறம் 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரி-செலவுச் சட்டத்தில் மானிய விகிதங்களை உயர்த்திக்கொண்டார்கள்.

கவுண்டி அலுவலகம்

விவசாயி நேரில் பார்ப்பது வாஷிங்டனை அல்ல, ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்கிற அமைப்பின் கவுண்டி அலுவலகத்தை. நாடு முழுக்க இப்படி இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. பெரும்பாலும் ஒரு மாடிக்கு மேல் போகாத சாதாரணக் கட்டடம், அதே கூரைக்குக் கீழே மண்வளப் பாதுகாப்புத் துறையும் இருக்கும்.

இங்கே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பண்ணை எண், அதற்குள் துண்டு எண், அதற்குள் வயல் எண், எல்லாவற்றுக்கும் வான்படம். விவசாயி ஆண்டுதோறும் வந்து எந்த வயலில் என்ன விதைத்தேன், எத்தனை ஏக்கர், அதில் என் பங்கு எவ்வளவு, நிலச் சொந்தக்காரர் பங்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் விதைக்கும் பயிர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. நம் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலை விவசாயியே எழுதிக் கையெழுத்துப் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பொய் எழுதினால் மானியம் போவதோடு வழக்கும் வரும். இது போக, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு படிவம், பண்ணையை யார் யார் எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு படிவம், சதுப்பு நிலத்தைத் தூர்க்கவில்லை, எளிதில் அரிக்கும் மண்ணைக் கண்டபடி உழவில்லை என்று ஒரு படிவம்.

அலுவலகத்துக்கு மேலே கவுண்டி கமிட்டி என்று ஒன்று உண்டு. அந்தப் பகுதி விவசாயிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டு. அலுவலகத்தின் தலைமை அதிகாரியை நியமிப்பதும் இந்தக் கமிட்டிதான். ஊர்க்காரனுக்கு ஊர் நிலவரம் தெரியும் என்பது இதன் நல்ல பக்கம். ஊர்க்காரனுக்கு ஊர்ப் பகையும் தெரியும் என்பது கெட்ட பக்கம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பேஸ் ஏக்கர்

இதுதான் நான் சொன்ன பழைய கணக்கு. ஒவ்வொரு பண்ணை எண்ணுக்கும் எதிரே 'கோதுமை பேஸ் இத்தனை ஏக்கர், சோளம் பேஸ் இத்தனை ஏக்கர்' என்று எழுதியிருக்கும். கூடவே ஏக்கருக்கு இத்தனை புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) என்று ஒரு நிலையான விளைச்சல் எண். மானியம் கணக்கிடுவது இந்த இரண்டு எண்களை வைத்துத்தான். இன்று அந்த வயலில் கோதுமைக்குப் பதில் சோயா நின்றாலும் பரவாயில்லை, கோதுமை பேஸ் என்றால் கோதுமை விலை விழும்போது பணம் வரும். ஒன்றும் விதைக்காமல் விட்டிருந்தாலும் வரும். அதே சமயம், பேஸ் இல்லாத நிலத்தில் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோதுமை விளைவித்தாலும் இந்தக் கணக்கில் ஒரு காசு வராது.

கேட்க விசித்திரமாக இருக்கிறதா? இது வந்த வழியைப் பார்த்தால் புரியும். 1933-இல், பெருமந்தக் காலத்தில், ரூஸ்வெல்ட் அரசு விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்ற முடிவுசெய்தது. அந்த ஆண்டு தென் மாநிலங்களில் வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது மண்ணோடு மண்ணாக்கப் பணம் கொடுத்தார்கள். 1936-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துப்போட, 1938-இல் வேறு வடிவில் வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று ஒதுக்கீடு போட்டார்கள். ஓஹையோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்பவருக்கு 11.1 ஏக்கர் கோதுமை ஒதுக்கியிருக்க, அவர் 23 ஏக்கர் விதைத்துவிட்டார். கூடுதலாக விளைந்தது என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டுக்கும்தான், சந்தைக்கே போகவில்லை என்று வாதாடினார். 1942-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 117 டாலர் 11 சென்ட் அபராதம் நின்றது. இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு இது.

அந்தக் கட்டுப்பாடெல்லாம் காலப்போக்கில் தளர்ந்து, 1996-இல் 'விரும்பியதை விதைத்துக்கொள்ளுங்கள், பணம் தனியாக வரும்' என்ற நிலைக்கு வந்தார்கள். மானியத்துக்காகவே ஒரு பயிரை விதைக்கும் பழக்கம் போகவேண்டும் என்பது நோக்கம். உலக வர்த்தக அமைப்பிலும், விளைச்சலோடு ஒட்டாத பணத்துக்குக் கெடுபிடி குறைவு. ஆக, விதைப்பிலிருந்து பணத்தைப் பிரித்தார்கள். பிரித்த பணம் எதிலாவது ஒட்டியாக வேண்டுமே, அது நிலத்தின் பழைய சரித்திரத்தில் ஒட்டிக்கொண்டது. 2002-லும் 2014-லும் பேஸைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். 2025 சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிதாகப் பேஸ் சேர்க்க அனுமதிக்கிறது. காய்கறி, பழம் போடுகிறவர்களுக்கு இதில் எதுவும் இல்லை, சொல்லப்போனால் பேஸ் நிலத்தில் ஓரளவுக்கு மேல் காய்கறி போட்டால் மானியம் குறையும்.

பணம் எவ்வளவு என்று ஒரு கணக்கு

இரண்டு திட்டங்களில் ஒன்றை விவசாயி தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுமே 2014-இல் வந்தவை. முதலாவது விலை இழப்புத் திட்டம், பிஎல்சி என்பார்கள். அரசு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு ஆதார விலையைச் சட்டத்திலேயே எழுதிவைக்கிறது. நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுக்கும். நம் குறைந்தபட்ச ஆதார விலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே அரசு தானியத்தைக் கொள்முதல் செய்கிறது. அங்கே தானியத்தைத் தொடுவதே இல்லை, வித்தியாசத்தை மட்டும் வங்கியில் போடுகிறது. 2017-இல் மத்தியப் பிரதேசத்தில் பாவாந்தர் என்ற பெயரில் வந்த திட்டம்தான் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்பது.

கோதுமையின் ஆதார விலை 2018 சட்டப்படி புஷலுக்கு 5.50 டாலர். ஒரு புஷல் கோதுமை என்பது 27 கிலோவுக்குச் சற்று மேல். 2019 ஜூனில் அறுத்த கோதுமைக்கு அந்தச் சந்தை ஆண்டு முழுவதற்குமான சராசரி விலை 4.58 டாலர். வித்தியாசம் 92 சென்ட். சம்னரில் ஒருவருக்கு 1,000 ஏக்கர் கோதுமை பேஸ், ஏக்கருக்கு 35 புஷல் என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை). பணம் கிடைப்பது பேஸில் 85 சதவீதத்துக்குத்தான், அதாவது 850 ஏக்கர். 850-ஐ 35-ஆல் பெருக்கி, அதை 0.92-ஆல் பெருக்கினால் 27,370 டாலர். இதிலிருந்து மத்திய பட்ஜெட் வெட்டு என்று ஒரு சின்னச் சதவீதம் போகும்.

இந்தப் பணம் கைக்கு எப்போது வரும் என்பதுதான் வேடிக்கை. கோதுமையின் சந்தை ஆண்டு மே 31-இல் முடிகிறது. 2019 ஜூனில் அறுத்ததன் சராசரி விலை தெரிவதற்கு 2020 மே கடக்க வேண்டும், சட்டப்படி பணம் வருவது அக்டோபர் 1-க்குப் பிறகு. அறுத்து 16 மாதம் கழித்து. அதற்குள் அடுத்த வெள்ளாமையையும் அறுத்து, அதற்கடுத்ததை விதைத்துக்கொண்டிருப்பார். உர பாக்கிக்கும் டீசல் பாக்கிக்கும் இந்தப் பணத்தை நம்ப முடியாது, வங்கிக்காரரிடம் காட்டலாம், அவ்வளவுதான்.

2021, 2022 பயிர்களுக்கு விலை 7.63, 8.83 டாலர் என்று ஏறியது, உக்ரைன் போரும் அதில் சேர்த்தி. அந்த இரண்டு ஆண்டும் இந்தத் திட்டத்தில் கோதுமைக்குப் பூஜ்யம். நல்ல காலத்தில் ஒன்றுமில்லை, விலை விழுந்தால் வரும், அதுதான் வடிவமைப்பு. 2025 சட்டம் கோதுமை ஆதார விலையை 6.35 டாலராக உயர்த்தியது, மக்காச்சோளத்துக்கு 3.70-இலிருந்து 4.10, சோயாவுக்கு 8.40-இலிருந்து 10.00.

இரண்டாவது திட்டம் கவுண்டி வருமானத் திட்டம், ஏஆர்சி. இதில்தான் கவுண்டி எல்லைக்கோடு நேரடியாகப் பணமாகிறது. கடந்த ஐந்து ஆண்டில் கவுண்டியின் விளைச்சலையும் நாட்டின் விலையையும் எடுத்து, இரண்டிலும் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மிச்ச மூன்றுக்குச் சராசரி பார்ப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் வழக்கமான ஏக்கர் வருமானம். இந்த ஆண்டு கவுண்டி வருமானம் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் (2025-இலிருந்து 90) குறைந்ததற்குப் பணம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு.

உங்கள் சொந்த வயலின் விளைச்சல் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆலங்கட்டி மழையில் உங்கள் கோதுமை மட்டும் படுத்துவிட்டது, கவுண்டி முழுக்க நல்ல விளைச்சல் என்றால் பூஜ்யம். உங்களுக்கு அமோக விளைச்சல், கவுண்டி மொத்தமும் வறட்சியில் காய்ந்தது என்றால் உங்களுக்கும் காசு. சம்னரின் மேற்கு எல்லையில் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஹார்ப்பர் கவுண்டி என்பதால் வேறு தொகை என்பதெல்லாம் சகஜம். தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். எந்தத் திட்டம் என்பதை விலை தெரிவதற்கு முன்பே, வசந்தத்திலேயே, சொல்லிவிட வேண்டும் என்பதால் இது பாதி சூதாட்டம். 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அதைத் தருவதாகச் சட்டமே சொல்லிவிட்டது.

யார் கைக்கு?

பணம் நிலத்தோடு ஒட்டியிருப்பதால் அடுத்த கேள்வி தானாகவே வருகிறது: நிலம் யாருடையது, உழுவது யார்? கன்சாஸ் கோதுமைப் பகுதியில் பழைய வழக்கம் வாரக் குத்தகை. விளைச்சலில் மூன்றில் ஒன்று சொந்தக்காரருக்கு, இரண்டு பங்கு உழுகிறவருக்கு. அப்படியானால் மானியமும் அதே விகிதத்தில் பிரியும். மேலே பார்த்த 27,370 டாலரில் சுமார் 9,120 சொந்தக்காரருக்கு. அவர் பண்ணையைப் பார்த்தே பல ஆண்டு ஆகியிருக்கலாம், விச்சிட்டா நகரத்திலோ அரிசோனா மாநிலத்திலோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஒரு பாட்டியாக இருக்கலாம். மானியப் பட்டியலில் பெருநகரத்து முகவரிகள் தென்படுவதற்கு இது ஒரு காரணம், எல்லாமே மோசடி இல்லை.

ரொக்கக் குத்தகை என்றால் விதி வேறு, மொத்தப் பணமும் உழுகிறவருக்கே. காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை குத்தகை பேசும்போது, இந்த நிலத்துக்கு நல்ல பேஸ் இருக்கிறது என்று சொந்தக்காரருக்கும் தெரியும், குத்தகைக்குப் போட்டியிடும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் தெரியும். ஏக்கருக்கு ஐந்து டாலர், பத்து டாலர் ஏறும். மானியத்தில் எவ்வளவு இப்படிக் குத்தகையாக நழுவுகிறது என்பதில் பொருளாதார ஆய்வாளர்களுக்குள் ஓயாத சண்டை, ஆனால் ஒரு பகுதி நழுவுகிறது என்பதில் சண்டை இல்லை. நிலத்தை விற்கும்போது விலையிலும் இது ஏறிவிடும். புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞனுக்கு மானியம் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்று கேட்டால், சொந்த நிலம் இல்லாதவனுக்கு இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

ஒருவருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது. 2018 சட்டப்படி ஆண்டுக்கு 1,25,000 டாலர், 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் போனால் கிடையாது. நிலக்கடலைக்கு மட்டும் தனி உச்சவரம்பு, நிலக்கடலை அதிகம் விளையும் ஜார்ஜியா மாநிலத்து உறுப்பினர்களின் சாமர்த்தியத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வரம்பு 'ஆளுக்கு'. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. கூட்டுப் பங்காண்மையாகப் பதிந்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒன்று. அவர் பண்ணையில் 'தீவிரமாக ஈடுபட' வேண்டும் என்று விதி. உழைக்கலாம் அல்லது நிர்வாகம் பார்க்கலாம். நிர்வாகம் என்றால் என்ன என்பது நீட்டினால் நீளும். 2018-இல் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் வரை குடும்பம் என்று விரித்தார்கள். 2025-இல் எல்எல்சி (பொறுப்பு வரம்புக்குட்பட்ட நிறுவனம்) போன்ற வடிவங்களுக்கும் ஆளுக்கு ஒரு வரம்பு என்ற வசதியைக் கொடுத்தார்கள். ஆக, வரம்பு இருக்கிறது, நல்ல வக்கீல் இருந்தால் அது அவ்வளவாக உறுத்தாது. நாட்டின் பண்ணைகளில் பாதிக்கு மேல் எந்த மானியமும் வாங்குவதில்லை என்பதையும், வாங்குகிறவர்களில் பெரிய பண்ணைகள் பெரும்பங்கை அள்ளுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலக்காரன், உழுகிறவன் என்கிற இந்தச் சிக்கல் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1933-இல் பருத்தி போடாமல் இருக்கக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி நில உடைமையாளர் கைக்குப் போனது. வாரக் குத்தகைக்கு உழுதவர்களுக்குச் சேரவேண்டிய பங்கைக்கூடப் பலர் கொடுக்கவில்லை, பருத்தியே போடாதபோது ஆள் எதற்கு என்று குடிசையைக் காலிசெய்யச் சொன்னார்கள். அதை எதிர்த்துத்தான் 1934 ஜூலையில், ஆர்கன்சாவின் பாய்ன்செட் கவுண்டியில் டைரோன்சா என்கிற சின்ன ஊரில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத் தென் மாநிலத்தில் இரண்டு நிறத்தவரும் ஒரே சங்கத்தில் உட்காருவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

கமிட்டிக்கு வருகிறேன் என்றேனே. தென் மாநிலங்களில் கவுண்டி கமிட்டிகள் பல பத்தாண்டுகள் முழுக்க வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின விவசாயியின் கடன் மனு மேசையில் தூங்கும், விதைக்கிற பருவம் போனபிறகு பணம் வரும், அல்லது வரவே வராது. வட கரோலினாவைச் சேர்ந்த டிமோத்தி பிக்ஃபோர்ட் உள்ளிட்டோர் 1997-இல் வேளாண் துறைமேல் வழக்குப் போட்டார்கள், 1999-இல் சமரசம் ஆகி 100 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. விடுபட்டவர்களுக்காக 2010-இல் இன்னொரு 125 கோடி டாலர். அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் நிலம் ஏலத்தில் போய்விட்டது, நிலம் போனால் அதன் பேஸும் புது முதலாளிக்குத்தான்.

உழாமல் இருக்கக் கூலி

சிஆர்பி என்கிற பாதுகாப்பு இருப்புத் திட்டம் 1985-இல் வந்தது. அரிக்கும் மண், ஓடைக்கரை போன்ற நிலத்தில் பயிரை நிறுத்தி, புல்லோ மரமோ போட்டு 10 முதல் 15 ஆண்டு அப்படியே விட்டால் அரசு ஆண்டு வாடகை கொடுக்கும், ஒருவருக்கு 50,000 டாலர் வரை. மண்ணுக்கும் பறவைகளுக்கும் நிச்சயம் நல்லது. வயதான சொந்தக்காரருக்கும் நிம்மதி, விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையில்லாத வருமானம்.

ஊருக்கு என்ன ஆகிறது? உழாத நிலத்துக்கு விதை வேண்டாம், உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், டிராக்டர் ரிப்பேர் வேண்டாம், தானியக் கிடங்குக்கு வண்டி வராது. வாடகைப் பணம் அரிசோனாவில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போகும்போது வெலிங்டன் மாதிரி ஊர் உரக்கடைக்காரர் என்ன செய்வார்? இதனால்தான் ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இதில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

வர்த்தகப் போர் பணம்

2018-இல் டிரம்ப் அரசு சீனப் பொருள்கள்மேல் வரி போட, சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவின்மேல் போட்டது. சோயா விலை விழுந்தது. ஃபார்ம் பில்லைத் தாண்டி, வேளாண் துறையின் பழைய அதிகாரம் ஒன்றைப் பயன்படுத்தி, இரண்டு ஆண்டில் 2,800 கோடி டாலர் அளவுக்கு உதவி அறிவித்தார்கள். முதல் ஆண்டு பயிர்வாரியாக: சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். மக்காச்சோள விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பணத்துக்காக எல்லாரும் சோயாவே விதைத்துவிடக் கூடாது என்று 2019-இல் முறையை மாற்றி, கவுண்டிக்கு ஒரே விகிதம், ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை என்று வைத்தார்கள். கவுண்டியின் பழைய பயிர் விகிதத்தை வைத்து அந்த எண். அதனால் ஒரே சோயாவை விதைத்த இரண்டு பேர், கவுண்டிக் கோட்டின் இரு பக்கமும் இருந்தால் வெவ்வேறு தொகை வாங்கினார்கள். பருத்தி அதிகம் போடும் தென்பகுதிக் கவுண்டிகள் பலவற்றுக்கு உயர்ந்த விகிதம் கிடைத்ததில் வடக்கே நிறையப் புலம்பல். அதே 2018-இல்தான் இந்தியா கோதுமைக்கும் நெல்லுக்கும் கொடுக்கும் ஆதரவு வரம்பு மீறியது என்று அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் புகார்க் கணக்கு காட்டியது என்பதையும் ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

பட்டியலில் வராதது

எந்தக் கவுண்டிக்கு, யாருக்கு எவ்வளவு வந்தது என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்கிற அமைப்பு 1995 முதலான அரசுத் தரவைப் பெயர்வாரியாகப் போட்டுவைத்திருக்கிறது. கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று எல்லாரும் ஒருமுறையாவது தட்டிப் பார்த்திருப்பார்கள். பார்க்கும்போது ஒன்றிரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 20, 25 ஆண்டு மொத்தத் தொகையை ஒரே ஆண்டு என்று நினைத்துத் திடுக்கிடுவது சாதாரணமாக நடக்கும். ஒரே குடும்பம் நான்கு பெயரில் இருக்கலாம். வறட்சி நிவாரணமும், சிஆர்பி வாடகையும், வர்த்தகப் போர் பணமும், பிஎல்சியும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்து நிற்கும், திட்டவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் பேசக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை பயிர்க் காப்பீடு. இதைத் தனியார் முகவர் விற்கிறார், ஆனால் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசு கட்டுகிறது, நிறுவனங்களின் நிர்வாகச் செலவுக்கும் கொடுக்கிறது. சம்னரில் குளிர்காலக் கோதுமைக்குக் காப்பீடு எடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 30. இது பேஸைப் பார்ப்பதில்லை. உங்கள் வயலில் நிஜமாக விதைத்ததையும், உங்கள் சொந்த விளைச்சல் வரலாற்றையும் பார்க்கிறது. ஆலங்கட்டி அடித்தால் கைகொடுப்பது இதுதான், வங்கியும் பயிர்க்கடன் கொடுக்குமுன் பெரும்பாலும் இதைத்தான் கேட்கும். அந்த வகையில் பிஎல்சி, ஏஆர்சி இரண்டையும்விட இது விவசாயத்தோடு ஒட்டிய உதவி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதற்கு 1,55,000 டாலர் வரம்பும் கிடையாது, 9 லட்சம் வருமான வரம்பும் கிடையாது. எவ்வளவு பெரிய பண்ணையோ அவ்வளவு பிரீமிய மானியம். யாருக்கு எவ்வளவு என்று பெயர் போட்டு வெளியிடுவதும் இல்லை. கவுண்டிக்கு மொத்தம் இத்தனை என்று மட்டும் தெரியும். எனவே அந்த இணையப் பட்டியலில் ஒருவருக்கு எதிரே 2022-ஆம் ஆண்டு பூஜ்யம் என்று இருந்தால், அரசிடமிருந்து அவருக்கு ஒன்றும் வரவில்லை என்று அர்த்தமில்லை.